இடைக்கால இலக்கிய ஆய்வேடு நின்றுபோனால்: அறிகுறி பார்த்து வழி காண்பது

"சேர், எல்லாம் வாசிச்சிட்டன். எழுதத்தான் வருகுதில்லை" என்று ஒரு பிள்ளை வந்து நின்றால், நான் முதலில் கேட்பது "எந்தப் பாட்டில நிக்கிறீர்?" என்றுதான். அநேகமாகப் பதில் வராது. தலைப்புச் சொல்வார்கள். இயல் பிரிப்பைச் சொல்வார்கள். இன்னும் எத்தனை பக்கம் வேண்டும் என்றும் சொல்வார்கள். பாட்டு மட்டும் வராது. எழுத்து நின்றுபோகும் இடங்களில் முக்காற்பங்கு, வாசிப்பு நின்றுபோன இடம்தான். கீழே வரும் வழிகள் பலவும் உங்களைத் திரும்பவும் பாட்டுக்குக் கொண்டுபோய் விடுவது அதனால்தான்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் திருநெல்வேலி வளாகத்தில் இறுதி வருட ஆய்வேட்டோடு நிற்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். வெளிவாரியாகப் படிப்பவர்களுக்கும் இது பொருந்தும். முழுவதையும் வாசிக்கத் தேவையில்லை. உங்கள் அறிகுறி எதுவோ அதிலிருந்து தொடங்குங்கள்.

அறிகுறி: தலைப்பு இருக்கிறது, முதல் இயலே நகரவில்லை

"சோழர்கால இலக்கியங்களில் சமுதாயம்", "கந்தபுராணத்தில் பக்தி" போன்ற தலைப்போடு இருப்பவர்களுக்கு இது வரும். சங்ககாலம், பல்லவர் காலம், சோழர் காலம், நாயக்கர் காலம் என்று வி. செல்வநாயகம் 1951இல் தம் இலக்கிய வரலாற்றில் பிரித்துக் காட்டியதை உயர்தர வகுப்பிலேயே மனப்பாடம் செய்துவிட்டோம். பரீட்சைக்கு அது நல்ல சட்டகம். ஆய்வேட்டுக்கு அந்தக் காலப் பெயரையே தலைப்பாக்கினால், நானூறு வருடத்தை நூறு பக்கத்துக்குள் அடக்க வேண்டி வரும்.

சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. தலைப்பைக் கேள்விக்குறியில் முடியும் ஒரு வசனமாக மாற்றி எழுதுங்கள். நூலைத் திறக்காமலே அதற்குப் பதில் சொல்ல முடிந்தால் அது கேள்வி அல்ல. "கந்தபுராணத்தில் பக்தி உண்டா?" உண்டு, முடிந்தது. "மகேந்திர காண்டத்தில் வீரவாகுதேவர் தூது வந்து நிற்கும்போது, சூரபன்மன் தன் ஆட்சியை எதைக் காட்டி நியாயப்படுத்துகிறான்?" இதற்கு அந்தப் படலத்தை வரி வரியாகப் பார்த்தால்தான் பதில் வரும். கந்தபுராணம் ஆறு காண்டம், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல். அதில் ஒரு படலத்தை எடுத்து முழுதாகப் பார்ப்பது சிறிய வேலை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

தலைப்பு ஏற்கெனவே ஒப்புதல் பெற்றுவிட்டது என்று பயப்படாதீர்கள். அதே தலைப்பின் கீழ் எல்லையைக் குறுக்கும் ஒரு துணைத்தலைப்பை மேற்பார்வையாளரிடம் கொண்டுபோனால், பெரும்பாலும் அவர் மறுக்கமாட்டார்.

அறிகுறி: பாட்டு விளங்கவில்லை, உரையை வைத்தே ஓட்டுகிறேன்

ஆய்வேடுகளைக் கொல்வது பெரும்பாலும் இதுதான். உரையாசிரியர் சொன்னதைச் சுருக்கி எழுதினால் பத்துப் பக்கம் வரை போகும். அதற்குப் பிறகு சொல்ல ஒன்றும் இருக்காது. பாட்டோடு உங்களுக்கு நேர்ப்பழக்கம் இல்லாததுதான் காரணம்.

இதற்கு மருந்து எங்கள் ஊர்க் கோயில்களிலேயே இருக்கிறது. கந்தபுராணப் படிப்பு நடக்கும் காலத்தில் ஒருநாள் போய் உட்கார்ந்து பாருங்கள். ஒருவர் பாட்டை இராகத்தோடு வாசிப்பார். பிறகு அதையே சொற்றொடராகப் பிரித்துப் பிரித்து எடுத்துக்கொடுப்பார். மற்றவர் அந்தந்தத் துண்டுக்குப் பயன், அதாவது பொருள் விளக்கம், சொல்வார். பாட்டு முதலில் ஓசையாக வருகிறது, அடுத்துத் துண்டுகளாக வருகிறது, கடைசியில்தான் பொருளாக வருகிறது. நாங்கள் நூலகத்தில் செய்வது தலைகீழ். பொழிப்பை வாசித்துவிட்டுப் பாட்டை மேலோட்டமாகப் பார்க்கிறோம், ஓசை பக்கமே போவதில்லை.

அறையில் ஒரு சிநேகிதரைப் பிடித்து அதே முறையைச் செய்யுங்கள். ஒருவர் வாசிக்க, மற்றவர் பயன் சொல்ல வேண்டும். உரைநூல் மூடியிருக்கட்டும். முதலில் சீர் பிரித்தபடியே சத்தமாக வாசியுங்கள். பிறகு வினைமுற்று எங்கே என்று தேடுங்கள். அது கிடைத்தால் எழுவாய் கிடைக்கும். மிச்சம் எல்லாம் அந்த இரண்டில் ஒன்றோடு போய் ஒட்டிக்கொள்ளும். பயன் சொல்பவர் தடுமாறும் சொல்லைப் பென்சிலால் கோடிடுங்கள். அந்தக் கோடுகள்தான் உங்கள் ஆய்வேட்டின் முதல் குறிப்புகள். எல்லாம் முடிந்த பிறகு உரையைத் திறவுங்கள். நீங்கள் சொன்னதும் உரை சொல்வதும் எங்கே விலகுகின்றன என்று பாருங்கள். விலகும் இடத்தில் நீங்களே பிழையாக இருக்கலாம், பரவாயில்லை. ஏன் பிழை என்று தெரிந்தால் அதுவே ஒரு பந்தி.

ஒரு வரியைக் கிட்ட வைத்துப் பார்ப்போம். கந்தபுராணக் காப்பு இப்படித் தொடங்குகிறது:

திகட சக்கரச் செம்முகம் ஐந்துளான்

அகராதியில் "திகட" என்று தேடினால் பொருந்தும் பொருள் கிடைக்காது. "சக்கரம்" என்று பிரித்தால் சில்லு வரும், பொருள் வழி தப்பும். அது திகழ் + தசக்கரம். தச என்றால் பத்து, கரம் என்றால் கை. விளங்குகின்ற பத்துக் கைகளும் சிவந்த ஐந்து முகங்களும் உடையவன், அதாவது சிவபெருமான். ழகரமும் தகரமும் சேர்ந்து டகரமாய் நின்றதுதான் குழப்பத்துக்குக் காரணம்.

இந்தப் புணர்ச்சிக்கு ஒரு கதையும் உண்டு. காஞ்சிக் குமரகோட்டத்தில் கச்சியப்ப சிவாசாரியார் நூலை அரங்கேற்றியபோது, இப்படிப் புணர இலக்கணம் எங்கே என்று அவையில் தடை எழுந்ததாம். மறுநாள் சோழநாட்டுப் புலவர் ஒருவர் வீரசோழியத்தைக் கொண்டுவந்து விதியைக் காட்டினாராம். வந்தவர் முருகனே என்பது மரபு. கதை கதையாக இருக்கட்டும். ஆய்வாளருக்கு அதில் ஒரு செய்தி இருக்கிறது: ஒரு புணர்ச்சி வழக்கமான விதிக்குள் வராவிட்டால், உடனே பாட்டைப் பிழை என்று எழுதாமல் வேறு இலக்கண நூல் உண்டா என்று பார்க்க வேண்டும். அந்த வீரசோழியம் பதினோராம் நூற்றாண்டில் புத்தமித்திரனார் செய்தது. அதை 1881இல் அச்சுக்குக் கொண்டுவந்தவர் சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை. உங்கள் ஊரிலிருந்து சைக்கிளில் போய்வரக்கூடிய தூரத்துக் கிராமம் அது. இந்த இணைப்பைத் தெரிந்துகொள்ளாமல் கந்தபுராண ஆய்வேடு முடித்துப் போகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கும்.

கோயிலில் பயன் சொல்லும் பெரியவர்களிடம் போய்க் கேட்பதைக் குறைவாக நினைக்காதீர்கள். "ஐயா, இந்த இடத்தில பயன் எப்படிச் சொல்லுவியள்?" என்று கேட்டால் சந்தோசமாகச் சொல்வார்கள். அச்சில் வராத விளக்கங்கள் அவர்களிடம் உண்டு. யாரிடம், எந்தக் கோயிலில், எப்போது கேட்டீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அதுவும் ஆதாரம்தான்.

அறிகுறி: இரண்டு பதிப்பில் இரண்டு விதமாக இருக்கிறது

பயந்து ஒன்றை மறைக்க வேண்டாம். பாடபேதம் கிடைத்தால் உங்களுக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்திருக்கிறது.

கம்பராமாயண நாட்டுப்படலத்தில் எல்லோருக்கும் தெரிந்த பாட்டை எடுங்கள்:

வண்மை இல்லை ஓர் வறுமை இன்மையால்
திண்மை இல்லை ஓர் செறுநர் இன்மையால்
உண்மை இல்லை பொய் உரை இலாமையால்

நாலாவது அடி ஒரு பதிப்பில் "வெண்மை இல்லை பல் கேள்வி மேவலால்" என்று இருக்கும். இன்னொன்றில் "ஒண்மை இல்லை பல் கேள்வி ஓங்கலால்" என்று இருக்கும். வெண்மை என்றால் இங்கே அறியாமை. ஒண்மை என்றால் அறிவின் விளக்கம். முதல் பாடத்தின்படி, கேள்வி நிறைந்ததால் அறியாமை இல்லை. இரண்டாவதன்படி, எல்லோருமே கேள்வியில் உயர்ந்தவர்கள் ஆனதால், அறிவாளி என்று தனியாக ஒருவர் விளங்கித் தெரிய இடமில்லை.

எதுகை இரண்டுக்கும் சரி. மோனையைப் பாருங்கள்: ஒண்மைக்கு ஓங்கலால் நிற்கிறது. வெண்மைக்கு மேவலால் நிற்கிறது. வகரத்துக்கு மகரம் இன மோனை ஆகும் என்பதால் அதுவும் சரி. ஓசையை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. பொருளைப் பாருங்கள். முதல் மூன்று அடியும் ஒரு நல்ல குணத்தையே எடுத்து "இல்லை" என்கின்றன: கொடை இல்லை, வலிமை இல்லை, உண்மை இல்லை. ஒண்மை அந்த வரிசையிலேயே போகிறது. வெண்மை வரிசையை உடைத்து ஒரு குறையை "இல்லை" என்கிறது. எனக்கு ஒண்மைதான் பொருத்தமாகப் படுகிறது. ஆனால் நாலாவது அடியில் கம்பன் வேண்டுமென்றே திருப்பியிருக்கலாம் என்று ஒரு மாணவர் வாதாடினால் நான் கேட்கத் தயார். அந்த வாதம் ஐந்து பக்கம் எடுக்கும். அது முழுக்க அவருடைய பக்கமாக இருக்கும்.

இப்படி வேறுபாடு வருவதற்குக் காரணம் ஏடுகள். ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் குத்துவதில்லை. எகர ஏகாரத்தையும் ஒகர ஓகாரத்தையும் வேறு பிரித்துக் காட்டுவதில்லை. காலும் ரகரமும் ஒரே உருவமாக இருக்கும். பிரதி எடுப்பவர் ஒவ்வொரு முறையும் ஊகித்தே வாசித்தார். அந்த ஊகம் அடுத்த ஏட்டில் பாடமாகிவிடும்.

நடைமுறையில் செய்யவேண்டியது இதுதான். முழு ஆய்வேட்டுக்கும் ஒரே பதிப்பை அடிப்படையாக வைத்து, முன்னுரையில் அதைச் சொல்லுங்கள். அதைவிட்டு விலகும் இடத்தில் மட்டும் அடிக்குறிப்பில் காரணம் எழுதுங்கள். இணையத்தில் மதுரைத் திட்டத்திலிருந்து எடுத்தால், அந்த மின்பதிப்பு எந்த அச்சுப் பதிப்பைப் பார்த்துச் செய்யப்பட்டது என்று தொடக்கத்தில் சொல்லியிருக்கிறதா என்று பாருங்கள், அதையும் சேர்த்துக் குறிப்பிடுங்கள்.

அறிகுறி: ஆண்டுகள் இடிக்கின்றன

முதலில் கணக்கு. சகாப்தம் அல்லது சகாத்தம் என்று வந்தால் 78 கூட்டுங்கள். கொல்லம் ஆண்டு என்றால் 824 அல்லது 825. பழைய அச்சுநூல்களின் முகப்பில் வருடப் பெயர் மட்டும் இருக்கும். "சர்வசித்து வருடம் தை மாதம்" என்று இருந்தால், சர்வசித்து 1887 சித்திரையில் பிறந்தது. தை வரும்போது ஆங்கிலக் கணக்கில் 1888 ஆகிவிடும். இந்த மூன்று மாதத்தைக் கவனிக்காமல் ஒரு வருடம் பிழைத்த அடிக்குறிப்புகள் ஏராளம். அறுபது வருடத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வருவதால், 1827ஆ 1887ஆ 1947ஆ என்பதை அச்சகத்தின் பெயரையும் பதிப்பித்தவரின் காலத்தையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

கணக்குச் சரியாக இருந்தும் இடித்தால், பிரச்சினை கணக்கில் இல்லை, பாட்டில் இருக்கிறது. யாழ்ப்பாண அரசைப் பற்றிய பழைய நூலான கைலாயமாலையோடு சேர்த்துத் தரப்படும் தனிப்பாடல் ஒன்று "இலகிய சகாப்தம் எண்ணூற்றெழுபதாம் ஆண்டு" என்று தொடங்கி, புவனேகவாகு (புவனேகபாகு) யாழ்ப்பாண நகரையும் நல்லூரில் கந்தவேளுக்குக் கோயிலையும் கட்டுவித்தான் என்கிறது. சகம் 870 என்றால் கி.பி. 948. ஆனால் யாழ்ப்பாணத்தோடு தொடர்புபடுத்தத் தக்க புவனேகபாகு பதினைந்தாம் நூற்றாண்டுக்காரர். தென்னிலங்கைக் கோட்டை இராச்சியத்து அரசன் ஆறாம் பராக்கிரமபாகுவுக்காக யாழ்ப்பாணத்தைப் பிடித்த செண்பகப் பெருமாள், பின்னர் ஆறாம் புவனேகபாகு என்ற பெயரில் கோட்டையில் முடி சூடினான். இந்தப் பாட்டில் வருபவன் அவனே என்று கொள்ளும் ஆய்வாளர்கள் உண்டு. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் சொல்லும் புகழ்மொழியான கட்டியத்தில் இன்றும் புவனேகபாகுவின் பெயர் சொல்லப்படுகிறது. நீங்களே காது கொடுத்துக் கேட்டிருப்பீர்கள். 948க்கும் பதினைந்தாம் நூற்றாண்டுக்கும் நடுவில் ஐந்நூறு வருடம் கிடக்கிறது.

கம்பனிடமும் இதே சிக்கல். "எண்ணிய சகாத்தம் எண்ணூற்று ஏழின்மேல்" என்ற தனியன், அதாவது நூலைப் பற்றிய தனிப்பாடல், சொல்வதன்படி கி.பி. 885. பன்னிரண்டாம் நூற்றாண்டு என்று வாதிடுபவர்களும் பலர்.

இந்த இடத்தில் மாணவர்கள் இரண்டு விதமாகத் தடம் புரள்கிறார்கள். சிலர் பாட்டில் உள்ள ஆண்டை அப்படியே உண்மையாக எழுதிவிடுகிறார்கள். சிலர் நூலின் காலம் தீர்ந்தால்தான் அடுத்த இயல் என்று இரண்டு மாதம் அதிலேயே நிற்கிறார்கள். உங்கள் கேள்வி காலத்தைப் பற்றியது அல்ல என்றால் ஒரு பந்தி போதும்: பாடல் சொல்லும் ஆண்டு இது, அதை ஏற்பதில் உள்ள தடை இது, இந்த ஆய்வேட்டுக்கு நான் கொள்ளும் எல்லை இது. எழுதிவிட்டு மேலே போங்கள்.

அறிகுறி: கணினியில் தேடினால் ஒன்றும் வரவில்லை, கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்தாகக் கிடக்கிறது

இரண்டாவது சிக்கல் எங்கள் நாட்டில் அடிக்கடி வருவது. பாமினியில் ரைப் செய்த கோப்பு அது. பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்திருக்கும் எழுத்துரு. அது இல்லாத கணினியில் திறந்தால் உள்ளே இருக்கும் ஆங்கில எழுத்து வெளியே தெரியும். எதுவும் அழியவில்லை. திரும்ப ரைப் செய்யத் தொடங்க வேண்டாம். முதலில் பாமினியை நிறுவித் திறந்து, எல்லாம் சரியாகத் தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு எழுத்துரு மாற்றியில் போட்டு யுனிக்கோடாக்குங்கள். ஒரு எச்சரிக்கை: முழுக் கோப்பையும் ஒரேயடியாகப் போட்டால், இடையில் உண்மையாகவே ஆங்கிலத்தில் இருந்த சொற்களும் தமிழாகிக் குழம்பிவிடும். வேர்டில் ஒரே வடிவமைப்புள்ள பகுதிகளை மட்டும் தெரிவு செய்யும் வசதி இருக்கிறது. பாமினிப் பகுதியை மட்டும் அதனால் பிடித்து மாற்றுங்கள். அடிக்குறிப்புகளைத் தனியாகப் பாருங்கள், அவை விடுபட்டுப்போவது வழக்கம்.

தேடல் தோற்பதற்குப் புணர்ச்சி ஒரு காரணம். மேலே பார்த்த அதே வரி பழைய அச்சில் "செம்முக மைந்துளான்" என்று சீருக்குச் சீர் பிரிந்து நிற்கும். "ஐந்து" என்று தேடினால் அது அகப்படாது. புணர்ச்சியால் மாறாத நடுத்துண்டைப் போட்டுத் தேடுங்கள்: "செம்முக" என்றால் இரண்டு பதிப்பிலும் வரும். இன்னொரு காரணம் கண்ணுக்குத் தெரியாது. "கொ" என்ற எழுத்தை ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாக அடித்துச் செய்திருந்தால், பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் சில நிரல்களின் தேடலில் அது வேறு எழுத்தாகிவிடும். ஔகாரத்தை ஒகரமும் ளகரமுமாக அடித்திருந்தாலும் அப்படித்தான்.

படமாக இருக்கும் பக்கத்தைக் கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டொக்ஸில் திறந்தால் எழுத்தாக மாறும். நேரம் மிச்சம். ஆனால் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய அச்சில் ணா, றா, னா, லை, னை போன்றவை வேறு உருவத்தில் இருக்கும், அங்கே பிழை குவியும். ஏட்டில் இருந்த காலும் ரகரமும் என்ற பழைய குழப்பம் இங்கேயும் வரும். மேற்கோளாக எடுக்கும் ஒவ்வொரு பாட்டையும் படத்தோடு ஒப்பிட்டுத் திருத்திய பிறகே ஒட்டுங்கள்.

அறிகுறி: மூலநூல் கையில் கிடைக்கவில்லை

யாழ்ப்பாணத்தில் இந்த அறிகுறிக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1981 மே 31 இரவு தொடங்கி எரிந்த யாழ். பொது நூலகத்தில் 97,000 அளவிலான நூல்களும் ஏடுகளும் போயின. எங்கள் ஆசிரியர்களின் ஆய்வேடுகளில் மேற்கோளாக இருக்கும் சில பதிப்புகளை இன்று ஊரில் தேடிக் கிடைக்காமல் போவது உங்கள் சோம்பலால் அல்ல.

வரிசையாகப் பாருங்கள். முதலில் பல்கலைக்கழக நூலகம். அங்கே உள்ள பழைய ஆய்வேடுகளையும் புரட்டுங்கள், அவற்றின் பின்னிணைப்பில் அரிய பகுதிகள் எடுத்துத் தரப்பட்டிருப்பதுண்டு. ஈழத்து நூல் என்றால் 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிமத் தொகுப்பு. தமிழகப் பதிப்பு என்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். அதன்பின் வீடுகள். ஓய்வுபெற்ற தமிழாசிரியர்களின் அலுமாரிகளில் வேறெங்கும் இல்லாத பிரதிகள் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். இரவல் கேட்காதீர்கள். அங்கேயே இருந்து, தொலைபேசியில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முகப்புப் பக்கத்தை மறக்க வேண்டாம்.

சில நூல்கள் எங்குமே இல்லை. அதை ஏற்றுக்கொள்வதும் ஆய்வுதான். ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் யாழ்ப்பாண வரலாற்று நூலான யாழ்ப்பாண வைபவமாலையை எழுதியபோது அவருக்கு ஆதாரமாக இருந்தவை கைலாயமாலை, வையாபாடல், பரராசசேகரன் உலா, இராசமுறை. முதல் இரண்டும் இன்று உண்டு. மற்ற இரண்டும் நமக்குக் கிடைக்கவில்லை. ஆகவே "இராசமுறையில் கூறப்படுவதாவது" என்று எழுத உங்களால் முடியாது. வைபவமாலை வழியாகத்தான் எழுத முடியும், அப்படித்தான் எழுத வேண்டும். ஒருவர் எடுத்த மேற்கோளை நேரே பார்த்ததுபோல எழுதுவதை வாய்மொழிப் பரீட்சையில் ஒரே கேள்வியில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அறிகுறி: வடமொழி தெரியாமல் ஒப்பாய்வில் மாட்டிக்கொண்டேன்

அரசகேசரியின் இரகுவம்சத்தை எடுப்பவர்களுக்கு இது வரும். யாழ்ப்பாண அரசர் காலத்தில் இங்கேயே எழுந்த காப்பியம் என்பதால் ஆசையோடு எடுப்பார்கள், காளிதாசனோடு ஒப்பிடும் இயலில் நின்றுவிடுவார்கள். முழு ஒப்பீட்டைக் கைவிடுங்கள். ஆற்றையும் நாட்டையும் நகரையும் பாடிக்கொண்டு கதைக்குள் போவது தமிழ்க் காப்பிய மரபு. காளிதாசன் அப்படிப் போவதில்லை. அரசகேசரி எங்கே தமிழ் மரபின் பக்கம் சாய்கிறார் என்ற கேள்விக்கு, தமிழ்ப் பகுதியில் ஆழமாக நின்று, வடமொழிக்கு ஒரு நல்ல மொழிபெயர்ப்பும் சமஸ்கிருதம் படிக்கும் ஒருவரின் துணையும் இருந்தால் போதும்.

அறிகுறி: பக்கம் நிறைந்துவிட்டது, "உம்மட கருத்து எங்க?" என்கிறார் மேற்பார்வையாளர்

ஒரு நிறப் பேனை எடுங்கள். ஆய்வேட்டில் மற்றவர் சொன்ன வசனம் எல்லாவற்றுக்கும் கீழே கோடிடுங்கள். கோடில்லாமல் மிஞ்சுவது உங்களுடையது. பல பக்கங்களில் "மேலும்", "இவ்வாறு", "எனலாம்" என்பவை மட்டும் மிஞ்சும்.

கருத்து இல்லை என்பது அல்ல காரணம். பாட்டுக்கும் முடிவுக்கும் நடுவில் ஒரு படி விடுபட்டிருக்கிறது. "வண்மை இல்லை" என்ற பாட்டைத் தந்துவிட்டு, "இதனால் சோழநாட்டில் வறுமை இருக்கவில்லை என்பது புலனாகிறது" என்று எழுதுவார்கள். பாட்டு கோசலத்தைப் பாடுகிறது. அதுவும் எந்த நாடும் இருக்க முடியாத அளவு நிறைவோடு பாடுகிறது. சோழநாட்டுக் குடிகளின் நிலையை அறியக் கல்வெட்டுப் பார்க்க வேண்டும். பாட்டு வேறொன்றைச் சொல்கிறது: கொடை என்ற ஒன்று இருக்க, வாங்குவதற்கு ஒரு வறியவன் இருக்க வேண்டும் என்பதைக் கவிஞர் உணர்ந்திருக்கிறார். அரசரின் கொடையைப் புகழ்வதே புலவர் தொழிலாக இருந்த காலத்தில், கொடைக்கே இடமில்லாத நாட்டை நல்ல நாடு என்கிறார். இப்படி ஒரு வசனம் எழுதினால் அதற்குக் கீழே யாரும் கோடு போட முடியாது.

ஒவ்வொரு மேற்கோளுக்குப் பிறகும் மூன்று வசனமாவது பாட்டின் சொல்லைத் தொட்டு எழுதுங்கள். எந்தச் சொல், ஏன் அது, வேறு சொல் வந்திருந்தால் என்ன குறைந்திருக்கும். அப்படி எழுத முடியாத மேற்கோளை எடுத்துவிடுங்கள், அது அங்கே தேவையில்லை.

அறிகுறி: மேற்பார்வையாளரைச் சந்திக்கவே பயமாக இருக்கிறது

இரண்டு மாதம் போகாமல் விட்டதால் வரும் பயம். முழு இயலோடு போக வேண்டும் என்று காத்திருந்தால் இன்னும் இரண்டு மாதம் போகும். ஒரு பாட்டு, அதன் கீழே ஒரு பந்தி, ஒரு கேள்வி. ஒரு பக்கம். "மிஸ், இந்தப் பாட்டை இப்படி விளங்கியிருக்கிறன், சரியா?" என்று கேளுங்கள். எந்த ஆசிரியரும் தாமதத்தைப் பற்றி ஒரு நிமிடம் பேசிவிட்டுப் பாட்டுக்குள் போய்விடுவார்.

அறிகுறி: ஒப்படைக்க இரண்டு கிழமை, பாதிதான் ஆகியிருக்கிறது

புதிதாக எதையும் வாசிக்க வேண்டாம். நூலாசிரியர் வரலாறு, கால அரசியல் பின்னணி என்று முன்னால் கிடக்கும் இரண்டு இயலையும் ஒன்றாக்கி, பத்துப் பக்கத்துக்குள் சுருக்குங்கள். அவை எல்லா ஆய்வேட்டிலும் உள்ளவை, புள்ளி அங்கே இல்லை. முதல் கிழமை முழுவதையும் பாட்டுகளை நேரடியாக ஆராயும் இயலுக்குக் கொடுங்கள். முடிவுரையை அந்த இயல் முடிந்த அன்றே, சூட்டோடு எழுதுங்கள். முன்னுரை கடைசி.

எழுதி முடித்ததை உரக்க வாசிக்கச் சொல்லி வீட்டில் ஒருவரிடம் கொடுங்கள். அவர் மூச்சு முட்டும் வசனங்களை இரண்டாக வெட்டுங்கள்.

பைண்டிங்குக்கு முதல் நாள் அல்ல, நாலு நாள் முன்னரே அச்சுக்குப் போங்கள். வேர்ட் கோப்பை அப்படியே பென் டிரைவில் கொண்டுபோனால் கடையின் கணினியில் எழுத்துரு மாறி, பாட்டின் அடிகள் உடைந்து, பக்க எண்ணும் பொருளடக்கமும் பொருந்தாமல் போகும். எழுத்துருவை உள்ளடக்கிய பீடிஎஃப் ஆக்கிக் கொண்டுபோய், முதலில் பாட்டுகள் அதிகமுள்ள பத்துப் பக்கத்தை மட்டும் அச்செடுத்துக் கொம்பு, கால், புள்ளி எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதன்பின் முழுவதற்கும் சொல்லுங்கள்.